ஒன்பதாம் எண், உள்ளேன்

1

அலமாரியை ஒழிக்கும்போது அந்தக் கட்டு கையில் வந்தது. சனிக்கிழமைக்கு ஒன்று என்று முப்பத்தொரு வருகைத் தாள்கள், மேலே ஒரு ரப்பர் பேண்ட். ஒவ்வொரு தாளிலும் பதினான்கு பெயர்கள், பெயருக்கு எதிரே என் கையால் போட்ட டிக். காய்ச்சல், கேரட் பிடுங்கல், மாமன் வீட்டு விசேஷம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கங்கே காலியாக இருக்கிறது. ஒன்பதாம் எண்ணுக்கு மட்டும் ஒரு வாரம்கூட விடுபடவில்லை.

கடைசித் தாளுக்கு இந்த மார்ச்சோடு ஒரு வருடம் ஆகிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் ஒரு மாதிரி இருக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்கு எழுதிவிட்டால் தேவலை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பண்ணைக்காட்டுக்காரி. கொடைக்கானலில் ஐந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். கல்யாணமாகி வந்து சேர்ந்தது நார்வேயின் வடகோடியில் ஒரு துறைமுக ஊர். கணவருக்கு மீன் கிடங்கில் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நவம்பர் கடைசியில் சூரியன் போனால் ஜனவரியில்தான் திரும்பி வரும். வந்த புதிதில் இதை யாராவது சொன்னால் விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

இங்கே நான் டீச்சர் இல்லை. ஒரு பள்ளியில் உதவியாளர். சின்னப் பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டிவிடுவேன், ஆப்பிள் நறுக்கிக் கொடுப்பேன், யாராவது அழுதால் பக்கத்தில் உட்காருவேன். என் பி.எட். சான்றிதழை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பி, ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. எத்தனை மணி நேரம் வகுப்பில் நேரில் உட்கார்ந்து படித்தேன் என்று கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்கி அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். அந்த மணி நேரங்களில் பாதிக்கு எனக்காக "உள்ளேன்" சொன்னது என் தோழி என்பதை யாருக்கும் எழுதவில்லை.

அந்த அலுவலகத்துக்கு முதல் தடவை போயிருந்தபோது, காத்திருக்கும் இடத்தில் ஒரு பெண்மணி என் பெயரைக் கண்டபடி உடைத்துக் கூப்பிட்டார். என்னையும் அறியாமல் எழுந்து நின்று, "உள்ளேன்" என்றேன். இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது.

2

இரண்டாயிரத்து ஏழு ஜூனில் மதுரையிலிருந்து ஓர் அறக்கட்டளைக்காரர் கடிதம் எழுதினார். மன்னவனூருக்குப் போகிற வழியில் ஓர் உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். கணக்கு டீச்சர் இடம் இரண்டு வருடமாகக் காலி. மாற்றல் போட்டால் வருகிறவர்கள் கொடைக்கானலோடு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இவர்கள் ஒரு கம்ப்யூட்டரும் கூரையில் ஒரு டிஷ்ஷும் வைத்துத் தருகிறார்கள். சனிக்கிழமைதோறும் பத்தாம் வகுப்புக்கு நான் இங்கிருந்து பாடம் எடுக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு டீச்சர் பயிற்சி கொடுப்பார். கலப்பு வகுப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

வகுப்பு டீச்சர் தவமணி. பள்ளங்கிக்காரர், என் வயது. தமிழாசிரியை. கணக்கைக் கண்டால் தலைவலி என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

அங்கே பதினொன்றரை என்றால் இங்கே காலை எட்டு, குளிர்காலத்தில் ஏழு. சமையலறை மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்காருவேன். எதிரே என் மகன் கவின் ரொட்டி தின்பான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமை காலையில் அவனுக்குப் பனிச்சறுக்குப் பயிற்சி உண்டு, அதனால் எழுந்திருப்பான். தமிழில் சாப்பாடு, தண்ணீர், போதும் மூன்றும் தெரியும். நான் தமிழில் கேட்டால் அவர்கள் மொழியில் பதில் சொல்வான். சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன்.

திரையில் எனக்குத் தெரிந்தது மூன்று பெஞ்சும் ஒரு ஜன்னலும்தான். நாலாவது பெஞ்ச் கேமராவுக்கு எட்டாது. பிள்ளைகள் எனக்குப் பொட்டி டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் பெயரைக் கூப்பிட்டால், அது மேலே போய் மலையில் இறங்கி, பதில் திரும்பிவர இரண்டு மூன்று விநாடி ஆகும். வாய் முதலில் அசையும், சத்தம் பிறகு வரும். சில நாள் பாதிப் பாடத்தில் மேகம் இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். திரை முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக, "இருக்கோம் டீச்சர், நீங்க சொல்லுங்க" என்பார்கள்.

ஒன்பதாம் எண் ரோகிணி. அவள் உட்கார்ந்தது அந்த நாலாவது பெஞ்சில். மற்றவர்களுக்கு ஆகும் இரண்டு விநாடி அவளுக்கு ஆகாது. நான் "ரோகி" என்று ஆரம்பிப்பதற்குள் "உள்ளேன் டீச்சர்" வந்து விழும். சுறுசுறுப்பான பிள்ளை என்று எழுதி வைத்தேன். கேள்வி கேட்டாலும் அப்படித்தான். கேட்டு ஒரு நிமிடம் போகும், சின்னதாக ஒரு கிசுகிசுப்பு, பிறகு சரியான விடை. எப்போதும் சரியான விடை. ஸ்கேன் செய்து அனுப்பும் வீட்டுப்பாடத்திலும் ஒரு தப்பு இருக்காது.

எப்போதும் சரியாகச் சொல்லும் பிள்ளை ஒன்று உலகத்தில் கிடையாது. அறையில் நின்று பாடம் எடுத்த ஐந்து வருடத்தில் எனக்கு அது நன்றாகத் தெரியும். திரையில் பார்த்தபோது அது ஏனோ தோன்றவில்லை.

தோன்றாததோடு நிற்கவும் இல்லை. இங்கே தமிழர்கள் நடத்தும் ஒரு சின்னப் பத்திரிகையில் கட்டுரை எழுதினேன். டீச்சர் அறையில் இல்லாமலே ஒரு மலைக் கிராமத்துப் பெண் கூட்டுத் தொடர் கணக்கை மனதுக்குள்ளேயே போட்டு விடை சொல்கிறாள், தூரம் இனி ஒரு தடை இல்லை, இப்படியெல்லாம் மேளதாளத்தோடு. அதைப் படித்த நாலு பேர் போன் செய்து பாராட்டினார்கள். தவமணி டீச்சருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவரிடமிருந்து பதிலே வரவில்லை.

3

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நான் பெயர் கூப்பிட்டு முடித்து டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா அந்த ஒருத்தி பேருக்கு மட்டும் வாரவாரம் வேற வேற ஆள் பதில் சொல்றாங்க?" என்று கவின் அவர்கள் மொழியில் கேட்டான்.

எந்த ஒருத்தி என்றேன். ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ணி, "ஒன்பது" என்றான். போன வாரம் மூக்கால் பேசுகிற பெண் சொன்னாளாம். அதற்கு முந்தின வாரம் கீச்சென்ற குரல். இன்றைக்கு வேறு ஒருத்தி.

உனக்குத் தமிழே தெரியாது, நீ என்ன கண்டாய் என்று அதட்டினேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு ரொட்டியைத் தின்றான். தமிழ் தெரியாததால்தான் அவனுக்கு அது கேட்டிருக்கிறது என்று பிறகு புரிந்தது. எனக்கு உள்ளேன் என்ற சொல் கேட்டதும் வேலை முடிந்தது. அவன் காதில் விழுந்தது வெறும் குரல்தான்.

அன்று மத்தியானம் ரோகிணியின் வீட்டுப்பாடங்களை எடுத்து வரிசையாகத் தரையில் பரப்பினேன். ஆகஸ்டில் அவள் எழுதிய நாலு என்ற எண்ணுக்குத் தலை திறந்திருக்கிறது. செப்டம்பரில் மூடியிருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி திறந்திருக்கிறது. ஏழுக்கு ஒரு தாளில் குறுக்குக் கோடு இருக்கிறது, மற்றதில் இல்லை. ஒரே பெயர், ஒரே எண். எழுதிய கைகள் ஐந்தோ ஆறோ இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை, "ரோகிணி, எழுந்திருச்சு கேமரா முன்னாடி வாம்மா. ஒன் முகத்தப் பாக்கணும்" என்றேன். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தார்கள். தவமணி டீச்சர் குறுக்கே வந்தார்.

"அவ ரொம்பக் கூச்சப்படுவாங்க டீச்சர். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"ஒரு நிமிசந்தானே. வரச் சொல்லுங்க."

படம் அப்படியே நின்றுவிட்டது. குனிந்த பதினொரு தலைகளும் வாயைப் பாதி திறந்த தவமணி டீச்சருமாக அரை மணி நேரம் திரையில் அசையாமல் இருந்தார்கள். நான் மூன்று தடவை எண்ணினேன். மொத்தப் பெயர் பதினான்கு. நாலாவது பெஞ்சில் இரண்டு பேருடைய முழங்கைதான் தெரிந்தது, அவர்களைச் சேர்த்தாலும் பதின்மூன்று.

4

நவம்பர் மழை. இங்கே சூரியன் போய்ச் சில நாட்கள் ஆகியிருந்தன. காலை ஏழு மணி, ஜன்னலுக்கு வெளியே கன்னங்கரேல் என்று இருட்டு. கவினும் அவன் அப்பாவும் பயிற்சிக்காக முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள்.

இணைப்பு கிடைத்தது. திரையில் வெள்ளை. மேகம் இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் விலகினபோது பெஞ்சுகள் தெரிந்தன. ஒரு பிள்ளையும் இல்லை. கரும்பலகையில் வெள்ளிக்கிழமைத் தேதி. எங்கோ தகரத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்தது.

"தவமணி டீச்சர்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. சத்தம் போகிறதா இல்லையா என்றும் தெரியவில்லை. வழக்கமாகச் சத்தத்தைச் சோதிக்க நான் செய்வது பெயர் கூப்பிடுவதுதான். தாளை எடுத்து ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் நாலு விநாடி விட்டேன். வீட்டில் நான் ஒருத்தி, அங்கே காலி அறை. நடுவில் என் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. எட்டு பெயர் வரைக்கும் ஒன்றும் வரவில்லை.

"ரோகிணி."

"உள்ளேன்."

சிறுபிள்ளைக் குரல் இல்லை. கனத்த, நடுவயதுப் பொம்பளைக் குரல். டீச்சர் என்ற சொல் அதில் இல்லை. காலி பெஞ்சுகள் அப்படியே இருந்தன. எதுவும் அசையவில்லை.

நான் இயந்திரத்தை அணைத்துவிட்டேன். அணைத்த திரையில் என் முகம் தெரிந்ததும் எழுந்து போய் வீட்டில் உள்ள எல்லா விளக்கையும் போட்டேன். கவின் வரும் வரையில் சமையலறைப் பக்கம் போகவில்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாகத்தான் இருக்கிறது. நாற்பது வயதுக் கணக்கு டீச்சர், பேய் பிசாசெல்லாம் கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள்.

சாயங்காலம் தவமணி டீச்சருக்குப் போன் போட்டேன். ரோட்டில் மரம் விழுந்துவிட்டதாம். கம்ப்யூட்டரைப் போட்டு வைத்தவர், பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு அவரும் மரம் வெட்டுகிற இடத்துக்குப் போய்விட்டாராம்.

"அறைக்குள்ள யாரு இருந்தா?" என்றேன்.

"ஒருத்தரும் இல்லைங்களே டீச்சர். கதவ நாந்தான் பூட்டிட்டுப் போனேன்."

5

அடுத்த சனிக்கிழமை இணைப்பு வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "கேமராவக் கடைசி பெஞ்சுப் பக்கம் திருப்புங்க டீச்சர்" என்றேன்.

"வயரு எட்டாதுங்க."

"மேசையோட திருப்புங்க. இல்லாட்டி இன்னைக்குப் பாடம் இல்ல."

மேசை இழுபடும் சத்தம். படம் ஆடி ஆடி நின்றது. நாலாவது பெஞ்ச். ஓரத்துக்கு ஒருத்தியாக இரண்டு பெண்கள். நடுவில் சரியாக ஓர் ஆள் உட்காரும் இடம். மற்ற பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், இந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. அதற்கு முன்னால் ஒரு கணக்கு நோட்டு திறந்திருந்தது. நோட்டின் மேல் பேனா. பெஞ்சுக்குக் கீழே யாருடையதோ ஒரு ஜோடிச் செருப்பு, ஒழுங்காகச் சேர்த்து வைத்தபடி.

என் வாய் அடங்கவில்லை. "ரோகிணி செத்துட்டாளா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்க டீச்சர்" என்று தவமணி டீச்சர் கேமரா முன்னால் ஓடிவந்தார். "உசுரோட இருக்கா. மே மாசமே பஞ்சு மில்லுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. திண்டுக்கல்லுக்கு அங்கிட்டு. அவ அப்பாவுக்கு மரம் ஏத்தையில இடுப்பு ஒடிஞ்சு வீட்டோட கெடக்காரு. ஏசெண்டு வந்தான், மூணு வருசம்னு எழுதி வாங்கிட்டான். நடுவுல வெளிய விட மாட்டாங்களாம்."

"அப்ப இத்தன வாரம் பதில் சொன்னது?"

பெஞ்சின் ஓரத்தில் இருந்த பெண் எழுந்து நின்றாள். மூக்கால்தான் பேசினாள். "முறை வச்சுக்கிட்டுச் சொல்றோம் டீச்சர். ஒரு வாரம் நானு, ஒரு வாரம் வேற ஆளு. வீட்டுப்பாடமும் முறைதான். அவ பேருல தப்பா எழுதக்கூடாதுன்னு நல்லாப் போடுற ஆளாப் பாத்துக் குடுப்போம்."

மறந்துவிடுமோ என்ற பயத்தில்தான் நான் கூப்பிடுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்களாம். முகத்தைக் காட்டச் சொன்ன அன்றைக்குப் படம் நின்றதுகூட மேகத்தால் இல்லை. வயரைப் பிடுங்கினது தவமணி டீச்சர்.

"போன வாரம் பூட்டின ரூமுல பேசுனது யாரு?" என்று கேட்டேன்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் என் முகத்தில் இருந்த அதே கலக்கம். அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "நாந்தாங்க" என்று அந்தக் கனத்த குரல் வந்தது.

தவமணி டீச்சர் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். ஈரச் சாக்கைத் தலையில் கொங்காணி போட்ட ஒரு பெண்மணி. ரோகிணியின் அம்மா, மாரியாயி. கேரட் காட்டில் கூலி வேலை. சனிக்கிழமைதோறும் அந்த நேரத்துக்குக் காட்டிலிருந்து வந்து ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டுப் போவாராம். தவமணி டீச்சருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்ப்யூட்டரில் எங்கே பார்த்துப் பேசுவது என்று மாரியாயிக்குப் புரியவில்லை. டிஷ் வயர் போகும் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நாங்க சிலோன் தோட்டத்து ஆளுங்கங்க. நா பத்து வயசுல வந்தேன். அங்கன வெள்ளனே பெரட்டுக்களத்துல ஆளுகள நிறுத்தி வச்சிக் கங்காணி பேரு கூப்புடுவாரு. கூப்புட்ட பேரு தரையில விழுந்துறக்கூடாது. யாராச்சும் தாங்கிப் புடிச்சிறணும். விழுந்துச்சின்னா பேர வெட்டிப்புடுவாங்க. பேர வெட்டிட்டா, ஆளு வந்து முன்னால நின்னாலும் ஆளு இல்ல. லயத்துல தங்கக் காம்பரா இல்ல, அரிசி இல்ல."

சாக்கைச் சரிசெய்துகொண்டு, மறுபடி சுவரைப் பார்த்தார்.

"கப்பலு விட்டு எறங்குனதும் மண்டபம் கேம்புல எங்க அண்ணன் பேரக் கூப்புட்டாங்க. அவன் கப்பலு ஏறாம அங்கனயே நின்னுட்டான். அப்பா உள்ளேன்னு சொல்லிட்டாரு. கார்டுல பேரு ஏறிருச்சி. ரெண்டு வருசங்கழிச்சி அண்ணன் வந்தான். கார்டுல பேரு இருந்துச்சி, வீட்டுல சேத்துக்கிட்டோம். பேரு நின்னா ஆளு எப்புடியும் வந்து சேந்துரும். இதத்தான் இந்தப் புள்ளைங்களுக்குச் சொன்னேன். போன வாரம் ஒருத்தரும் இல்ல. நீங்க கூப்புடுறீங்க. எட்டுப் பேரு தரையில விழுந்துச்சி. எம்மக பேரும் விழப் போவுதேன்னு வாய விட்டுட்டேன். தப்புன்னா பொறுத்துக்கங்க."

நான் பாடம் எடுக்கவில்லை. தலைவலி என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

6

எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் கோபமாகவே இருந்தேன். டீச்சர் அறையில் இல்லாமலே படிக்கும் பெண் என்று ஊரெல்லாம் சொன்னேனே, அந்தப் பெண்ணும் அறையில் இல்லை. நானும் இல்லை, அவளும் இல்லை, நடுவில் பாடம் மட்டும் ஐந்து மாதம் நடந்திருக்கிறது.

தவமணி டீச்சருக்குப் போன் செய்து கத்தினேன். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா ஒங்க தாள்ல வரலைன்னு போட்டிருப்பீங்க டீச்சர். இங்க என் ரெஜிஸ்டர்ல நான் என்ன எழுதுனாலும் ஊர்க்காரி பொய் எழுதுறாம்பாங்க. ஆபீசருக்குச் சந்தேகம் வந்தா எடுத்துப் பாக்குறது ஒங்க தாளத்தான். அது வெளிநாட்டுல இருந்து வருதுல்ல, அத நம்புவாங்க. ரெண்டுலயும் வருகை இருந்தாத்தான் ஹால் டிக்கெட் வரும். ஹால் டிக்கெட் வந்தா, அந்த சீலக் காட்டி மில்லுல கேக்கலாம். பரீச்சைக்குன்னா கவர்மெண்டு காயிதத்துக்குப் பயந்து விடுவாங்க. வேற எதச் சொல்லியும் அவள வெளிய எடுக்க முடியாது. எனக்கு வேற வழி தெரியல."

"அவ ஒரு பாடமும் படிக்கலையே டீச்சர். எழுதி என்ன ஆகப் போகுது?"

"நீங்க விடையப் பாப்பீங்க. நான் மூஞ்சியப் பாக்கணும்ல. தெனமும் அந்தக் காலி எடத்தப் பாத்துக்கிட்டுத்தான் தமிழ் எடுக்குறேன். மொதல்ல அவ மலையேறி வரட்டும். மத்தத அப்பறம் பாப்போம்."

அந்த வாரம் இங்கே என் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மேல்வகுப்பில் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுக்கப் போகிறார்கள். திரையில் எத்தனை மணி நேரம், டீச்சர் முன்னால் எத்தனை மணி நேரம் என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். பாதிக்குப் பாதி என்றார் ஒருவர், மூன்றில் ஒரு பங்கு போதும் என்றார் இன்னொருவர். நான் காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இந்த ஊர்ப் பள்ளிகளில் பெயர் கூப்பிடும் வழக்கம் கிடையாது. டீச்சர் அறையை ஒரு பார்வை பார்ப்பார், விசைப்பலகையில் தட்டுவார், அவ்வளவுதான். பிள்ளை வீட்டிலிருந்து திரையில் படிக்கிற நாளில் யாரைப் பார்ப்பார் என்று கேட்க நினைத்தேன். அந்தக் கேள்விக்கு வேண்டிய சொற்களை மனதில் கோத்து முடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை வந்தது. நேராகத் தாளை எடுத்தேன். எட்டு வரைக்கும் கூப்பிட்டு டிக் போட்டேன். ஒன்பதில் நின்றேன். அந்தப் பெயரை நான் விட்டுவிட்டுப் பத்துக்குப் போனால் போதும், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. திரையில் தெரிந்த முகங்கள் எல்லாம் என்னையே பார்த்தன. ஜன்னல் கம்பிக்கு வெளியே சாக்குக் கொங்காணியின் நுனி தெரிந்தது. தோழி எனக்காக "உள்ளேன்" சொன்ன என் கல்லூரித் தாளும் ஞாபகத்துக்கு வந்தது.

"ரோகிணி" என்றேன்.

கீச்சுக்குரல் பதில் சொன்னது. தெரிந்தே பொய்யாக ஒரு டிக் போட்டேன். அந்தத் தாளில் மட்டும் கோடு கோணலாக இருக்கும். வகுப்பு முடிந்ததும் தவமணி டீச்சரிடம், "நான் போடுறேன். ஆனா ஹால் டிக்கெட் கைக்கு வந்த அன்னைக்கே நீங்க கீழ எறங்கணும்" என்றேன்.

"மொத பஸ்ஸுக்கே வெரசாப் போயிருவேன் டீச்சர்."

அதற்குப் பிறகு கவின் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்பதாம் பெயருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தான். ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் இருப்பான். குரல் வந்ததும், இன்றைக்கு இன்னார் என்று சொல்வான். அந்தப் பெண்கள் எல்லாரும் அவனுக்கு ரோகிணிதான். முதல் ரோகிணி, மூக்கு ரோகிணி, கீச்சு ரோகிணி. நான் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் நிஜமான ரோகிணி யார் என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு ஒரு முகமும் இல்லை, ஒரு குரலும் இல்லை.

7

மதிப்பெண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ரோகிணி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். கணக்கில் முப்பத்தெட்டு. பாஸ். மில்லுக்குத் திரும்பிப் போகவில்லை. இப்போது கொடைக்கானலில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணக்குப் பிரிவை எடுக்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் சொல்ல உட்கார்ந்தது கடைசி வகுப்பைப் பற்றி. பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. இங்கே வெயில் திரும்பி வந்து, சமையலறை மேசையில் பாதி வரைக்கும் விழுந்திருந்தது. தவமணி டீச்சர் வியாழக்கிழமையே கீழே இறங்கிவிட்டார் என்று தெரியும். மில்லில் என்ன சொன்னார்கள் என்று செய்தி வரவில்லை. போன் எடுக்கவில்லை.

இணைப்பு வந்தது. பிள்ளைகள் இருந்தார்கள். தவமணி டீச்சரைக் காணவில்லை. கேமரா பழையபடி மூன்று பெஞ்சைத்தான் காட்டியது. கேட்கப் பயமாக இருந்ததால் பெயர் கூப்பிட ஆரம்பித்தேன்.

எட்டு வந்தது. எட்டாம் எண் சொன்ன கையோடு வந்து விழும் அந்தப் பதில் விழவில்லை.

"ரோகிணி."

இரண்டு விநாடி. நாலு விநாடி. கவின் ரொட்டியை வாயிலிருந்து எடுத்தான். திரையில் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் வாயை இறுக மூடிக்கொண்டு ஒரே திசையில் பார்த்தார்கள். இத்தனை மாதத்தில் அந்தப் பெயர் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. இன்றைக்கு ஏன் யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை? அவளுக்கு அங்கே ஏதோ ஆகிவிட்டது, அதுதான் தவமணி டீச்சரைக் காணவில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"ரோகிணி."

முதலில் இருமல் வந்தது. பிறகு, "உள்ளேங்க டீச்சர்."

கரகரத்த, தேய்ந்த குரல். பஞ்சுத் தூசி அடைத்த நெஞ்சு.

"இது யாரு?" என்றான் கவின்.

"ரோகிணி."

"இல்லம்மா" என்று உறுதியாகத் தலையாட்டினான். "இது ரோகிணி இல்ல. ரோகிணி குரல் எனக்குத் தெரியும்."

மேசை இழுபட்டது. தவமணி டீச்சர்தான் திருப்பினார், கண்கள் வீங்கியிருந்தன. நாலாவது பெஞ்சின் நடுவில் ஓர் ஒல்லிப் பெண் எழுந்து நின்றாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். முன்னால் இருந்த நோட்டை, அவள் பெயர் எழுதிய நோட்டை, அடுத்தவர் பொருளைப் போலத் தொடாமல் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அவள் அம்மா இல்லை. உள்ளே, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

இவள்தான் ரோகிணி என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் இவளைப் பார்த்ததே இல்லை. எட்டு மாதமாக நான் பாராட்டிய ரோகிணிகள் எல்லாரும் மற்ற பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். இவளும் முறை வைத்து வந்த ஒருத்தியோ என்று ஒரு நிமிடம் மனம் போனது. இப்படி ஒரு சந்தேகம் வந்ததற்கு இன்றைக்கும் நான் கூசுகிறேன். வேறு வழி தெரியாமல், என் கட்டுரையில் மனக்கணக்காகப் போட்டாள் என்று எழுதினேனே, அந்தக் கூட்டுத் தொடர் கணக்கையே கேட்டேன்.

இரண்டு விநாடி போனது. கிசுகிசுப்பு இல்லை. யாரும் அவளுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க டீச்சர். அது எடுத்த அன்னைக்கு நான் வரல."

அதற்குப் பிறகுதான் ஒன்பதாம் எண்ணுக்கு டிக் போட்டேன்.